தனியார் தொலைக்காட்சியும் யாழ்ப்பாணப் பார்வையாளரும்: சக்தி அலைவரிசை பற்றிய சில குறிப்புகள்

கொக்குவில், கொண்டாவில் பகுதிச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருகாலத்தில் பத்திரிகை உரத்து வாசிக்கப்பட்டது. கை சுருட்டைச் சுற்றக் காது செய்தியைக் கேட்டது. வாசிப்பவரை இடைமறிக்கவும், மறுத்துரைக்கவும், 'அந்தப் பந்தியை இன்னொருக்கா வாசி' எனப் பணிக்கவும் அங்கே இடமிருந்தது. வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றி நம்மிடையே எழுதப்படுவனவற்றில் உடைமையாளரைப் பற்றிய பேச்சு மிகுதி; இத்தகைய கேட்போரைப் பற்றிய பேச்சு அரிது. தனியார் தொலைக்காட்சியை மதிப்பிடும்போது அக்கொட்டிலிற் கேட்டிருந்தவரையே அளவுகோலாகக் கொண்டாலென்ன என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

இலங்கையில் தொலைக்காட்சி தனியார் முயற்சியாகவே தோன்றியது என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. 1979 ஏப்பிரல் 13 இல் பன்னிப்பிட்டியிலிருந்து ஒளிபரப்பத் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சி, இரு மாதம் நிறையுமுன் ஜூன் 5 இல் அரசுடைமையாயிற்று. 1982 இல் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி வந்தது. அதன் தாபகச் சட்டமே தனியார் நிலையங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சரின் கையில் வைத்தது. 1992 இல் தனியார் ஒளிபரப்புக்குக் கதவு திறந்தபோது அக்கதவின் திறவுகோல் அமைச்சரிடமே இருந்தது.

அவ்வாறு நுழைந்தவற்றுள் ஒன்று, தமிழ்க் குடும்பமொன்றின் உடைமையான கப்பிட்டல் மகாராஜா நிறுவனம். 1998 இல் அது சிங்களத்துக்குச் சிரசவையும் தமிழுக்குச் சக்தியையும் தொடங்கியது. நீண்டகாலம் அதற்குத் தலைமை தாங்கிய ஆர். ராஜமகேந்திரன் 2021 இல் மறைந்தார். முதலாளியின் சொத்து என்று ஒரே சொல்லில் இதனை ஒதுக்கிவிடுவது முற்போக்காளர் சிலரின் வழக்கம். அது போதாது. அரசின் குரலாக மட்டுமே தமிழ்ச் செய்தி ஒளிபரப்பாகிவந்த நாட்டில், 'மின்னல்' போன்ற அரசியல் விவாத நிகழ்ச்சிகள் தமிழ்ப் பிரதிநிதிகளைக் கேள்விக்கு முகங்கொடுக்கச் செய்தன. கிளிநொச்சி வீழ்ந்து நான்கு நாட்களின்பின், 2009 ஜனவரி 6 அதிகாலையில், ஆயுததாரிகள் பன்னிப்பிட்டி தெபானமவிலுள்ள அந்நிறுவனக் கலையகத்துட் புகுந்து கட்டுப்பாட்டு அறையைத் தகர்த்தனர். இரு நாட்களில் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். இவ்விலையைக் கணக்கிலெடாத விமரிசனம் நேர்மையற்றது.

ஆயினும் செய்தி முடிந்தபின் நிகழ்வது வேறு. மாலை வேளையின் பெரும்பகுதியைச் சென்னையிலே தயாரான தொடர்கள் நிரப்பின. அத்தொடர்களிற் பேசப்படும் தமிழ் கொக்குவிலிற் பேசப்படும் தமிழன்று. அவற்றில் வரும் வீடு, சீதனப் பேரம், மாமியார் கொடுமை எதற்கும் இம்மண்ணின் முகவரியில்லை. (போரும் இடப்பெயர்வும் சிதறடித்த குடும்பங்கள் அடுத்த மாநிலத்துக் கூட்டுக்குடும்பத்தின் சச்சரவுகளில் ஆழ்ந்திருந்தமை தனி ஆய்வுக்குரியது.) இதனை இரசனைக் குறைபாடு என்று கண்டிப்பதிற் பயனில்லை. காரணம் பொருளியல் சார்ந்தது. சென்னையில் ஒரு தொடரின் தயாரிப்புச் செலவு அங்குள்ள பெருஞ்சந்தையிலேயே ஈட்டப்பட்டுவிடுகிறது. இங்கு வாங்குபவர் செலுத்துவது மீள ஒளிபரப்பும் உரிமைக்கான விலையை மட்டுமே. உள்ளூர் நாடகத்துக்கோ எழுத்தாளர், நடிகர், படப்பிடிப்பு என முழுச் செலவும் சிறிய தமிழ் விளம்பரச் சந்தையிலிருந்தே வரவேண்டும். இலாபத்தை நோக்கும் நிறுவனம் எதனைத் தெரியும் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டியதில்லை.

இங்கு வானொலியை நினைவுகூர்தல் தகும். சானாவின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' முதலியவை இலங்கை வானொலியிலே வளர்ந்தவை. யாழ்ப்பாணப் பேச்சு மொழி கேலிக்குரியதன்று, துயரத்தையும் தாங்கவல்லது என அவை நிறுவின. 'கோமாளிகளின் கும்மாளம்' 1976 இல் 'கோமாளிகள்' எனத் திரைப்படமாகுமளவு மக்களிடையே வேரோடியது. எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை வீரகேசரிப் பிரசுரம் போன்ற முயற்சிகளுக்கு வாய்ப்பளித்ததும் நாமறிந்ததே. அக்கட்டுப்பாட்டில் அந்நியச் செலாவணிக் கவலையும் இருந்தது. அரசின் கைகள் தூயனவாயும் இருக்கவில்லை. எனினும் ஒன்று தெளிவு: உள்ளூர்ப் படைப்பு சந்தையின் தயவில் வளர்ந்ததன்று.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஒரே நிறுவனம், ஒரே கலையகம்; ஆனால் சிரச பார்ப்பவர் ஓருலகிலும் சக்தி பார்ப்பவர் வேறோருலகிலும் வாழ்கின்றனர். மும்மொழி அலைவரிசைகளைக் கையில் வைத்திருப்போர் நினைத்தால், கொக்குவிலின் வீட்டுத் திண்ணையை மாத்தறைப் பார்வையாளருக்கும், மாத்தறைத் தாயின் இழப்பைக் கொக்குவிலுக்கும் காட்டமுடியும். மொழிவாரியாகப் பார்வையாளரைப் பிரித்து விளம்பரதாரருக்கு விற்பதே தொழிலின் இயல்பாயிருக்க, அத்தகைய பாலம் விதிவிலக்காகவே நிகழும்.

அலைவரிசை யாருடையது என்ற கேள்விக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் விடையளித்திருக்கிறது. 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த நீதிமன்றம், அலைவரிசைகள் எண்ணிக்கையில் வரையறைக்குட்பட்டவை, அவை பொதுமக்களின் சொத்து, அரசு அவற்றின் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே என்று கருதியது; அமைச்சரின் பிடிக்குள் அடங்கும் அதிகாரசபையை ஏற்க மறுத்தது. இதற்குச் சற்று முன்னர், வானொலியின் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி 1995 பெப்ரவரியிற் திடீரென நிறுத்தப்பட்டமை பற்றிய வழக்கில், நிகழ்ச்சியிற் பங்குபற்றிய கேட்பவருக்கும் கருத்து வெளிப்பாட்டு உரிமை உண்டென நீதியரசர் மாக் பெர்ணாண்டோ தீர்த்தார். நமது தொடர்பியல் எழுத்துக்கள் இத்தீர்ப்பை ஏன் இத்துணை குறைவாகப் பேசுகின்றன என்பது எமக்கு விளங்கவில்லை. கொட்டிலில் இடைமறித்துக் கேட்டவரின் உரிமையைச் சட்டமொழியில் எழுதினால் ஏறத்தாழ இவ்வாறுதான் இருக்கும். ஆனால் சுயாதீன அதிகாரசபை எழவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து 2023 இல் வெளிவந்த வரைவும் ஊடகத்தை அடக்கும் முயற்சி என்ற எதிர்ப்பையே சந்தித்தது.

உள்ளூரில் உடைமை இருந்தால் போதும் என்போருமுளர். போருக்குப்பின் யாழ்ப்பாணத்திலிருந்தே டான் தொலைக்காட்சி இயங்கியது. ஊர்ச் செய்தியும் கோயில் திருவிழாவும் அதன்வழி வீடுகளை அடைந்தன. வரவேற்கத்தக்கதே. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சந்தை கொழும்புச் சந்தையிலும் சிறியது. நாடகத்துக்கான செலவு அங்கே இன்னும் எட்டாக்கனி. உடைமையாளர் கொழும்பில் இருந்தாலென்ன, யாழ்ப்பாணத்தில் இருந்தாலென்ன, கணக்கு ஒன்றே.

ஆகவே நமது கோரிக்கை உரிமப் பத்திரத்தை நோக்கியதாக அமையவேண்டும். பொதுச்சொத்தாகிய அலைவரிசையைப் பயன்படுத்தும் நிறுவனம் வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் இந்நாட்டுத் தமிழ்ப் படைப்பை ஒளிபரப்புதல். விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை நாடகத் தயாரிப்பு நிதிக்கு அளித்தல். அந்நிதியை அமைச்சரோ நிறுவனமோ அன்றி எழுத்தாளரும் கலைஞரும் பார்வையாளரும் அமர்ந்த சபையொன்று நிருவகித்தல். முதற் சபைக் கூட்டத்தைக் கொழும்பிற் கூட்டவேண்டிய அவசியமில்லை. கொக்குவிலிற் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன.