மலைக்கு நம் கதை தேவையில்லை

இயற்கைக்குள் போய்த் தன்னை ஏற்றுக்கொண்ட கதைகளுக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு. முதலில் காயம், பிறகு நெடும்பயணம், கடைசியில் தெளிவு. ஷெரில் ஸ்ட்ரெய்டின் 'வைல்ட்' (2012) இதற்கு நல்ல உதாரணம். அம்மாவின் மரணம், முறிந்த திருமணம், ஹெராயின். 26 வயதில் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் சுமார் 1,100 மைல் தனி நடை. நேர்மையான புத்தகம்தான். ஆனால் படித்து முடித்ததும் ஸ்ட்ரெய்ட் மனசில் நிற்கிற அளவுக்கு மலை நிற்பதில்லை.

ஸ்காட்லாந்து எழுத்தாளர் நேன் ஷெப்பர்டின் 'தி லிவிங் மவுன்டன்' இந்த டெம்ப்ளேட்டில் அடங்காது. இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடங்களில் எழுதி, டிராயரில் போட்டு வைத்து, 1977ல்தான் வெளியிட்டார். கெய்ர்ன்கார்ம் மலைகளைப் பற்றி 12 அத்தியாயங்கள். பீடபூமி, நீர், பனி, காற்று, செடிகள், தூக்கம் என்று போகும். மூன்று நாவல்கள் எழுதியவர் அதன்பின் ஏன் நாவலே வெளியிடவில்லை என்ற புலம்பல் எங்கேயும் கிடையாது.

இளம் வயதில் உச்சிகளைத் துரத்தியவர், பிறகு மலையைச் சும்மா பார்க்கப் போக ஆரம்பிக்கிறார். ஓரிடத்தில் குனிந்து, கால்களுக்கு நடுவே உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கிறார். பழகிய காட்சி புதுசாகிறது. பார்க்கிற தானே எல்லாவற்றுக்கும் மையம் என்ற நினைப்பு கழன்றுகொள்கிறது. என் வாசிப்பில் புத்தகத்தின் மையம் இதுதான். 'இருத்தல்' பற்றிய அத்தியாயம் கடைசியில்தான் வருகிறது. பதினொரு அத்தியாயம் தண்ணீரையும் பாறையையும் கவனித்த பிறகே தன்னைப் பற்றிப் பேசும் உரிமையை எடுத்துக்கொள்கிறார். அந்த வரிசையே அவர் வாதம்.

எட்டும் தூரத்தில் மலை இருந்தால் யாருக்கும் இது வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த வசதியைப் பற்றி ஷெப்பர்ட் அதிகம் யோசிக்கவில்லை என்பது புத்தகத்தின் குறைதான். ஆனால் மலையை அவர் ஆறுதல் தரும் இடமாகவும் விற்கவில்லை. அங்கே செத்தவர்களைப் பற்றியும் எழுதுகிறார்.

தியான ஆப்பில் 'இன்று 10 நிமிடம்' என்று டிக் அடிக்கிற நமக்கு, சுய ஏற்பும் இன்னொரு டார்கெட் ஆகிவிட்டது. முடித்தோமா, எவ்வளவு தேறினோம் என்று கணக்குப் பார்க்கிறோம். ஷெப்பர்டிடம் அந்தக் கணக்கே இல்லை. அதே மலைக்கு வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போனார். நீர் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். நாலு பக்கத்துக்கு உங்களைப் பற்றிய நினைப்பே வராது.