புள்ளிக்குப் புள்ளி

ஆவூர்ப் பெரியநாயகி மாதா ஆலயம் போன்ற பெரிய கட்டடத்தை லேசர் ஸ்கேனர் ஒரே இடத்தில் நின்று முழுதாகப் பார்த்துவிட முடியாது. தூணுக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. பல இடங்களில் நிறுத்தி எடுத்தால், ஒவ்வொரு ஸ்கேனும் லட்சக்கணக்கான புள்ளிகளின் தனி மேகம். திரையில் சேர்த்துப் போட்டதும் ஒரே சுவர் இரண்டாகத் தெரியும். வளைவு பிசகி நிற்கும்.

இரண்டு மேகங்களுக்கும் பொதுவான மூலைகளைக் கண்டு தோராயமாகத் திருப்பி வைப்பது கண்ணும் கையும் பழகிய வேலை. பிறகு, 1992-இல் ஆய்வாளர்கள் பெஸ்லும் மெக்கேயும் விளக்கிய முறையில், கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள இணையைத் தேடி, மேகத்தைச் சற்றே நகர்த்தி, மறுபடி தேடுகிறது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி குறைந்து, மங்கியிருந்த தூண்விளிம்பு கூர்மையாகிறது. வெறும் சமதளச் சுவர் மட்டும் பிடிகொடுக்காமல் வழுக்கும். ஸ்கேன்கள் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகப் படியும்படி எடுக்கும் பொறுமையே இதில் பாதித் திறமை.