மரப்பாச்சிக்கு ஒரு ரிவ்யூ

எங்கள் வீட்டு மரப்பாச்சி ஜோடியில் ராணி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூருக்கு வீடு மாறியபோது தொலைந்துபோனது. அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்த ஜோடி அது. "ஒத்தையா வைக்கக் கூடாதுடா" என்று ஒவ்வொரு நவராத்திரிக்கும் அம்மா சொல்வார். கடையில் ஒரு ராணி வாங்கி வந்து மேல்படியில் ராஜா பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்று யோசித்ததில்தான் இந்தப் பதிவு ஆரம்பித்தது.

ராஜா 8 அங்குல உயரம். செம்மரம், ஒரே கட்டை. மூக்கு ஒரு மேடு, கண் இரண்டு கீறல், அவ்வளவுதான். கடை ராணிக்கோ ஒட்டியாணம், வங்கி, புடவைக் கொசுவம் எல்லாம் மரத்திலேயே செதுக்கியிருந்தது. வேலைப்பாடு என்று பார்த்தால் கடை ராணிதான் ஒரு படி மேல். ஆனாலும் ஏதோ இடித்தது. சரி, நாமே செதுக்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளர்வது. 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அது நமக்கு வேண்டாம் என்று பூவரசங்கட்டை எடுத்தேன். வைரம் பாய்ந்த பகுதி நல்ல செம்பழுப்பு.

முதல் ராணியை ஆபீஸில் காட்டினேன். "சூப்பர்" என்றார்கள். கோட் ரிவ்யூவில் எதையும் படிக்காமல் ஒப்புதல் கொடுப்பார்களே, அந்த மாதிரி. சந்தோஷமாக இருந்தது, பொம்மை அப்படியேதான் இருந்தது.

படப்பை பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். வார்ப்பாலைக்கு மர மாதிரி செய்து ஓய்வு பெற்றவர். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி, முதுகில் இரும்பு ஸ்கேலை வைத்தார். "நடுக்கோடு எங்க தம்பி?" என்றார். நான் கோடு போடவே இல்லை. முகத்தில் ஆரம்பித்து ஆசை ஆசையாகக் கீழே வந்திருந்தேன். அதனால் இடது தோள் இறங்கியிருந்தது.

அவர் சொன்னது: நாலு பக்கமும் நடுக்கோடு போடு, கடைசி வரை அழிக்காதே. முதலில் மொத்த உருவம், அப்புறம் தோள், இடுப்பு, கடைசியில்தான் முகம். மூக்கைப் பெரிசா விடு, கண்ணைச் சின்னதா விடு, அப்புறம் திருத்திக்கலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும் என்பதால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகவே செய்தவர் அவர். விட்டுவைப்பது அவருக்குக் கைப்பழக்கம். மூக்கு, கண் பற்றிய இதே யோசனை பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டுச் சீன நூலான ஹான் ஃபெய்சியிலும் இருக்கிறது. கொண்டபள்ளி பொம்மையில் கை கால்களைத் தனியாகச் செய்து, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்து ஒட்டுவார்கள். ஒற்றைக் கட்டை மரப்பாச்சியில் அந்த வசதி கிடையாது. வெட்டியது வெட்டியதுதான்.

இரண்டாவது ராணி நேராக நின்றாள். அவளைக் காஞ்சிபுரத்தில் கோயில் வாகனம் செய்யும் ஒரு சிற்பியிடம் எடுத்துப் போனேன். "சார், அளவே தப்பா இருக்கே" என்றார். சிற்ப சாஸ்திரத்தில் முக நீளம்தான் அடிப்படை அலகு. அதற்குத் தாளம் என்று பெயர். உத்தம தசதாளத்தில் உயரம் 124 பாகம். என் ராணி ஐந்து முகம்கூட இல்லை. கழுத்தை நீட்டுங்க, இடையை ஒடுக்குங்க, ஒட்டியாணம் வைங்க என்றார். மூன்றாவது ராணியை அப்படியே செய்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தாள்.

அம்மா ஜரிகைத் துண்டை எடுத்துப் புடவை கட்டப் பார்த்தார். ஒட்டியாணத்தின் மேல் துணி முண்டியது. முந்தானை நிற்கவே இல்லை. "இதுக்கு நான் எதுக்கு? அதான் நீயே கட்டிட்டியே" என்றார்.

அப்புறம்தான் ராஜாவை ஒழுங்காகப் பார்த்தேன். அவரும் ஐந்து முகம்கூட இல்லை. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் சந்து. அழகுக்கு விட்டது என்று நினைத்திருந்தேன். துணி நுழைவதற்கு விட்டது! செதுக்கியவருக்குக் கை வராமல் மொட்டையாக விடவில்லை. மீதி வேலையைக் கட்டிப் பார்க்கும் கைக்கு விட்டிருக்கிறார். கடை ராணியிடம் எனக்கு இடித்ததும் இதுதான். அவளிடம் நமக்கு வேலையே இல்லை.

சிற்பி சொன்னது தப்பு என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் மரச்சிற்பம் என்றால் பெரும்பாலும் சாமி உருவமும் தேரும்தான். புவிசார் குறியீடு வாங்கிய அரும்பாவூரும் (2020) கள்ளக்குறிச்சியும் (2021) அதற்குத்தான் பேர்போனவை. அந்தக் கண்ணுக்குப் பாச்சி ஒரு முடியாத சிலை. விஷயத்தைச் சொன்னதும் அவரே சிரித்தார். "சிலைக்குப் புடவை மரத்துலயே வந்துடும் சார். இதுக்குத் துணியில வருது. அதை நான் யோசிக்கல." அப்புறம் அந்தச் சந்தை எந்த உளியால், எந்தப் பக்கத்திலிருந்து குடைந்தால் கை உடையாது என்று காட்டிக்கொடுத்தார். அன்று அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் தள்ளவில்லை.

கூடச் செதுக்குகிறவர்களிடம் காட்டினால் வேலை தேறும், சந்தேகமே இல்லை. ஆனால் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அவரவர் தொழிலிலிருந்துதான் பதில் வரும். "இதுக்கு அம்மா புடவை கட்டணும், அதுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தால் ஒரு கட்டை மிச்சமாகியிருக்கும். ரெக்வயர்மென்ட் சொல்லாமல் ரிவ்யூ கேட்பது இருபது வருஷ சாஃப்ட்வேர் வேலையில் நானே பலரைத் திட்டியிருக்கும் விஷயம்!

நாலாவது ராணி இப்போது மேல்படியில் ராஜா பக்கத்தில் நிற்கிறாள். படப்பைப் பெரியவர் வந்து பார்த்தார். இடது தோள் இன்னும் நூலளவு இறக்கம்தான் என்றார். புடவை மறைத்துவிடுகிறது.