ஊர் பார்க்கப் போகும் கதைகளும் கூட வரும் பிள்ளைகளும்

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய நமது சிறுகதைகளில் 'ஊர் பார்க்கப் போதல்' இப்போது ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. 2002 இல் ஏ-9 பாதை திறந்தபோது தொடங்கி, 2009 இல் யுத்தம் முடிந்தபின் பெருகிய வகை இது. நான் வாசித்தவற்றுட் பலவற்றின் அமைப்பு ஒன்றுதான். புத்தளத்திலிருந்து வேன் புறப்படும். கூரையற்ற வீடு, தூர்ந்த கிணறு, சுவரைப் பிளந்து நிற்கும் ஆலங்கன்று. பழைய தமிழ் நண்பர் ஒருவர் வந்து கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்பார். வாப்பா அழுவார். பிள்ளைகள் அவருடைய கையைப் பிடித்துக்கொள்வார்கள். கதை முடிந்துவிடும்.

அழுகையைக் குறை சொல்ல வரவில்லை. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். எனக்கு அப்போது பதினொரு வயது. எனது கேள்வி, கையைப் பிடித்த அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் கதைக்குள் எதற்காக வந்தார்கள்?

பலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' என்ற குறுநாவல் (1969) இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1948 இல் ஹைஃபாவை இழந்தபோது கைக்குழந்தையையும் விட்டுவர நேர்ந்த தம்பதி, 1967 யுத்தத்தின் பின் தம் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே போலந்திலிருந்து வந்த யூதப் பெண் வசிக்கிறாள். குழந்தை அவளுடைய மகனாக, இஸ்ரேலியச் சிப்பாயாக வளர்ந்து நிற்கிறான். வீடு இடியவில்லை, இடிந்த வீடு இல்லாமலேயே நம்மை நடுங்க வைக்கிறார் கனஃபானி. காரணம், அவர் பிள்ளையை வாய்திறக்க விடுகிறார். அவன் பேசுவது பெற்றோர் கேட்க விரும்பாத பேச்சு.

நமது கதைகளில் பிள்ளை வாய்திறந்தால் வாப்பாவின் வசனம்தான் வருகிறது. அதுவும் சுத்தமான யாழ்ப்பாணப் பேச்சில். புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் நான் படிப்பிக்கிறேன். 'இஞ்ச வாங்கோ' என்று நான் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்காத எழுத்தாளரின் உரையாடலை எப்படி நம்புவது?

சென்ற விடுமுறையில் என் பிள்ளைகள் இருவரையும் சோனகத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். மூத்தவளுக்கு ஒன்பது, இளையவனுக்கு ஏழு. 'இதுதான் நம்மட வீடு' என்றேன். 'அப்ப புத்தளத்து வீடு?' என்று மகள் கேட்டாள். இளையவனுக்கு நல்லூரடி ஐஸ்கிரீம் பிடித்திருந்தது. பின்னேரமானதும் 'எப்ப வீட்ட போற வாப்பா?' என்று தொடங்கிவிட்டான். இந்த வாக்கியத்தை நம் கதைகள் எதிலும் நான் காணவில்லை. இதில் துரோகம் ஒன்றுமில்லை. அவனுக்கு வீடு அங்கேதான் இருக்கிறது.

நண்பர் பாத்திரமும் இப்படித்தான் ஊமையாக இருக்கிறது. அடுத்த ஒழுங்கையில் வளர்ந்த என் தமிழ்க் கூட்டாளி அன்று எங்களோடு நடந்தான். அவன் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. 1995 இல் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது தாயைக் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னான். 'அதுவும் ஒக்டோபர் முப்பதுதான் மச்சான்' என்றான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. அவர்கள் அடுத்த வருடமே திரும்பத் தொடங்கினார்கள்; நமக்குப் பாதை திறக்கவே பன்னிரண்டு வருடம் எடுத்தது. ஆனால் நாம் போனபின் அந்தத் தெருவில் நடந்தவற்றுக்கு அவன்தானே சாட்சி? நம் கதைகள் அவனிடம் எதையும் விசாரிப்பதில்லை.

'உங்கட வீட்டில ஆர் இருந்தது எண்டு நீ கேக்கேல்லையே' என்றான். கேட்டேன். தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றாம். அவர்களுக்கு அங்கே வைத்து ஒரு பெண்பிள்ளை பிறந்ததாம்.

யாருடைய கதையிலும் இன்னும் வராத பாத்திரம் அவள். என் உம்மாவின் அறைதான் அவள் பிறந்த ஊர். அந்தப் பெண்ணையும் 'எப்ப வீட்ட போற' என்று கேட்கும் என் மகனையும் ஒரே முற்றத்தில் நிறுத்தினால், அழுகையோடு முடித்துவிட முடியாத கதை ஒன்று வரும். அதை எழுத என் தலைமுறைக்குக் கை வருமோ என்னவோ. புத்தளத்து முகாம்களில் பிறந்தவர்கள் பலருக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.