கோ-டூ மீதான வழக்கு

1968 மார்ச்சில் கணினித் துறையினரின் ஏ.சி.எம். சங்கத்தின் மாத இதழில் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ராவின் கடிதம் ஒன்று வந்தது. நிரலின் ஓட்டத்தை வேறோர் இடத்துக்குத் தாவவைக்கும் கோ-டூ கட்டளைக்கு எதிரான ஒரு வாதம் என்றுதான் அவர் தலைப்பு வைத்திருந்தார். இதழாசிரியர் நிக்லாஸ் விர்த் அதை, கோ-டூ தீங்கானது என்ற பொருள்படும் தலைப்பாக மாற்றிவிட்டார். கடிதத்தைப் படித்தவர்கள் கொஞ்சம். தலைப்பை ஒப்பிக்கிறவர்கள் ஏராளம்.

கடிதத்தில் இருப்பது வெறும் தடையுத்தரவு அல்ல. காகிதத்தில் உள்ள நிரல் ஒன்று, இயந்திரத்தில் ஓடுவது இன்னொன்று. ஓடுவதை மனத்தால் பின்தொடர நமக்குச் சாமர்த்தியம் போதாது; ஆகவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைய வேண்டும் என்கிறார். ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து ‘இங்கே எப்படி வந்து சேர்ந்தோம்?’ என்று கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். வரி எண்ணுக்கு வரி எண் தாவிய பழைய பேசிக் நிரல்களில் அந்தப் பதில் கிடைக்காது. கட்டுப்பாடற்ற தாவலின் விளைவு இதுதான் என்கிறார் அவர்.

இதே உரைகல்லில் லினக்ஸ் கெர்னலை உரசிப் பார்ப்போம். ஒரு ஃபங்ஷன் நினைவகம் வாங்குகிறது, பூட்டு ஒன்றை எடுக்கிறது, பிறகு சாதனத்தைப் பதிவு செய்கிறது. மூன்றாவது படி தோற்றால் பூட்டை விட வேண்டும், நினைவகத்தைத் திருப்பித் தர வேண்டும், அதுவும் எடுத்த வரிசைக்கு நேர்மாறாக. இதைத் தானாகச் செய்துதர சி மொழியின் தரநிலையில் வசதி கிடையாது. தோற்கும் இடந்தோறும் துப்புரவு வரிகளைத் திரும்ப எழுதினால் ஏதோ ஓரிடத்தில் ஒரு வரி விட்டுப்போகும். இஃப்புக்குள் இஃப் போட்டால் நிரல் திரையின் வலது ஓரத்துக்கே நகர்ந்துவிடும். எனவே ஃபங்ஷனின் அடியில் லேபிள்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கி, தோற்ற இடத்திலிருந்து உரிய லேபிளுக்குத் தாவுகிறார்கள். கெர்னலின் எழுத்துமுறைக் கையேடே இதைப் பரிந்துரைக்கிறது. ‘எப்படி வந்தோம்?’ என்றால் ‘இன்ன படி தோற்றதால்’ என்று லேபிளே பதில் சொல்லும். டெய்க்ஸ்ட்ரா இதை ஏற்றிருப்பாரா, தெரியாது. அவருடைய சோதனையில் இது தேறுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி 2014 பிப்ரவரியில் கிடைத்தது. இணைய இணைப்பைப் பாதுகாக்கும் ஆப்பிளின் டி.எல்.எஸ். நிரலில் ‘கோ-டூ ஃபெயில்’ என்ற வரி அடுத்தடுத்து இருமுறை இருந்தது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. அடைப்புக்குறி இல்லாததால் இரண்டாவதற்கு நிபந்தனையே இல்லை. சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படி தாண்டப்பட்டது. பிழை எண்ணோ பூஜ்யமாகவே இருந்ததால் ‘எல்லாம் சரி’ என்று ஃபங்ஷன் திரும்பியது.

இது கோ-டூவின் குற்றமா? அதே இடத்தில் ‘ரிட்டர்ன்’ இரண்டுமுறை இருந்திருந்தாலும் ஓட்டை அதேதான். ஆனாலும் கோ-டூவை முழுதாக விடுவிக்க எனக்கு மனமில்லை. வெற்றி பெற்ற ஓட்டமும் அந்த ‘ஃபெயில்’ லேபிள் வழியாகத்தான் வெளியேறியது. தோல்வி என்று பெயர் வைத்த வாசலில் வென்றவனும் நுழைந்தால், படிப்பவர் எதைச் சந்தேகிப்பார்?

கார்களுக்குள் ஓடும் சி நிரல்களுக்கான மிஸ்ரா விதிகள், 2012 பதிப்பில், கட்டுப்பாடற்ற தாவலுக்கும் ஒழுங்கான தாவலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகப் பிடித்தன. கோ-டூவைத் தவிர்க்கச் சொல்வது அங்கே அறிவுரை மட்டுமே. தாவினால் அதே ஃபங்ஷனுக்குள் கீழ்நோக்கியே தாவ வேண்டும் என்பது கட்டாயம். மேல்நோக்கித் தாவுவது லூப்பை மறைத்து எழுதும் வேலை. அதற்கு நியாயம் கற்பிக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: சி மொழியில், துப்புரவுக்காக, கீழ்நோக்கி, செய்யும் வேலையைச் சொல்லும் லேபிளுக்கு என்றால் கோ-டூ அனுமதிக்கத்தக்கது, பல இடங்களில் அதுவே சிறந்த வழி. டெஸ்ட்ரக்டர் உள்ள சி++, டிஃபர் உள்ள கோ போன்ற மொழிகளில் இந்த வாதம் செல்லாது. அங்கே துப்புரவை மொழியே பார்த்துக்கொள்கிறது.