கருவும் சொல்லும்

ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயரே சில வேளைகளில் அப்பொருளின் தலைவிதியை எழுதிவிடுகிறது. மொழி பயிற்றுவோர் நன்கறிந்த இவ்வுண்மைக்கு, உறைநிலைக் கருக்களைப் பற்றி எழுந்த தீர்ப்புகள் தக்க சான்றாகும்.

சோதனைக் குழாய் முறையில் பல கருக்கள் உருவாவதுண்டு. கருப்பையில் வைத்தவை போக எஞ்சியவை, திரவ நைட்ரஜனில், சுழியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிரில் காக்கப்படுகின்றன. பின்னர் அவற்றை அழிப்பதா, ஆய்வுக்கு ஈவதா, மகவற்ற பிறர்க்கு வழங்குவதா என்பதே வினா.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மணமுறிவுற்ற இருவர் ஏழு கருக்களுக்காக வழக்காடினர். 1989இல் முதல் நீதிமன்றம் அவற்றைக் 'குழந்தைகள்' என்றது, மனைவியிடம் ஒப்படைத்தது. 1992இல் மாநில உச்ச நீதிமன்றமோ, அவை மனிதரும் அல்ல, உடைமையும் அல்ல, தனி மதிப்புக்குரிய இடைநிலையின என்றது. அப்பெண் அக்காலை அவற்றைப் பிள்ளையற்ற இணையர்க்குக் கொடையளிக்கவே விரும்பினாள். நீதிமன்றம் தந்தையாக விரும்பாத கணவன் பக்கம் நின்றது. கருக்கள் மாறவில்லை, சொல் மாறிற்று, முடிவும் மாறிற்று.

2024 பிப்ரவரியில் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் 'குழந்தை' என்ற சொல்லையே எடுத்தாண்டது. மருத்துவமனைகள் சில சிகிச்சையை நிறுத்தின. மகவு வேண்டிக் காத்திருந்தோர் தவித்தனர். மார்ச்சில் மருத்துவர்க்குப் பாதுகாப்பளிக்கத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அச்சட்டமும் கரு யாதென்று கூறாமல் நழுவிற்று.

'குழந்தை' என்பது இரக்கமுள்ள சொல்லாயினும் சிந்தனையைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறது. 'உடைமை' என்பதோ பெற்றோரின் ஏக்கத்தைக் காணாத சொல். 'இடைநிலை' அழகற்றதெனினும் நேர்மையானது. ஆயினும், அழிவுக்கு இசைந்த பின் அத்தனி மதிப்பைக் காட்டுவது எங்ஙனம் என்ற ஐயம் எஞ்சவே செய்கிறது.

நம் மொழியின் நிலை என்ன? சினைமுட்டையையும் கருவுற்ற முட்டையையும் 'கருமுட்டை' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் செய்தித்தாள்களில் உண்டு. முன்னது ஒருத்திக்கே உரியது. பின்னதில் இருவர்க்குப் பங்குண்டு. இவ்வேறுபாடு மறைந்தால் வழக்கே விளங்காது. சினைமுட்டை, கரு, சிசு, குழவி என நிலைதோறும் நமக்குச் சொற்கள் உள. அவற்றை இடமறிந்து ஆளும் கவனமே குறை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் கற்பித்தல் வேண்டும். நாளை மருத்துவமனைப் படிவத்தில் கையொப்பமிட நேரும் நம் இளைஞர், தாம் எதனைப் பற்றி முடிவு செய்கிறோம் என்பதைத் தம் தாய்மொழியிலேயே தெளிந்திருத்தல் வேண்டுமன்றோ?