ஃபார்மேட் அடிக்கும் முன்: டெபியன் 12-ன் ஒலியமைப்பு

மம்சாபுரத்திலிருந்து மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பஸ் ஏறுகிறவருக்குக் கடையில் என்ன வைத்தியம் சொல்வார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை: ‘ஃபார்மேட் அடிச்சிரலாம்ண்ணே.’ உள்ளே இருப்பது லினக்ஸ் என்று தெரிந்தால் ‘விண்டோஸே போட்டுருவோம்’ என்பதும் கூடவே வரும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. எனவே பழைய மடிக்கணினி ஒன்றைத் தூசி தட்டி அதில் டெபியன் 12-ஐ ஏற்றுவதைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைப்பது என்றே சொல்லலாம். ஏற்றிய பிறகு எழும் புகார்களில் விசித்திரமான ஒன்று உண்டு. விளையாட்டோ ஒலித்தொகுப்பு மென்பொருளோ திறந்த வேகத்தில் தானாக மூடிக்கொள்ளும். ஏன் என்று திரையில் ஒரு வார்த்தை இருக்காது. நினைவகம் போதவில்லை, ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒலிக்கோளாறு என்பது யாருக்கும் எளிதில் தோன்றாது, ஏனென்றால் ஒலி கெட்டால் சத்தம்தானே நிற்க வேண்டும், மென்பொருள் ஏன் சாக வேண்டும்? இந்த நோய்க்கு ஃபார்மேட் தப்பான மருந்து. சில சமயம் அது மருந்தே அல்ல.

லினக்ஸின் ஒலியமைப்பு ஓர் அடுக்குமாடி. கீழ்த்தளத்தில், இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு ஒட்டி, அல்சா இருக்கிறது. 2003 டிசம்பரில் வந்த கெர்னல் 2.6 முதல் ஒலி அட்டையோடு பேசும் வேலை அதனுடையது. அட்டையை நேரடியாகப் பிடித்துக்கொண்ட நிரல் பெரும்பாலும் இன்னொன்றுக்கு விட்டுக்கொடுக்காது. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்த கதைதான். அதனால் எல்லா நிரல்களின் ஒலியையும் வாங்கிக் கலந்து கீழே அனுப்ப ஒரு நடுவர் வேண்டியிருந்தது. லெனார்ட் பொட்டரிங் 2004-ல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ அந்த வேலையை ஏற்றது. 2007-ல் ஃபெடோரா 8, மறு ஆண்டு உபுண்டு 8.04 என்று அது பரவிய காலத்தில் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை. அதன் வாரிசு, விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12, குனோம் மேசைச்சூழலில் இதையே இயல்பாக வைத்திருக்கிறது. டெர்மினலில் ஒலி சர்வரின் பெயரைக் கேட்டால் ‘பல்ஸ்ஆடியோ’ என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ‘பைப்வயர் 0.3.65 மீது’ என்று அடக்கமாகச் சேர்த்துக்கொள்ளும். பழையவர் பெயரில் வரும் கடிதங்களையும் வாங்கிக்கொள்ளும் இந்தப் பண்புதான் அதன் பெரிய பலம். பழைய மென்பொருள்கள் திருத்தமே இல்லாமல் ஓடுகின்றன. ஆனால் அந்தக் கடிதம் பல்ஸ்ஆடியோவின் முகவரிக்கோ அல்சாவின் பொதுவாசலுக்கோ வந்தால்தான் அது கைக்குக் கிடைக்கும். நடுவரைத் தாண்டி நேராக ஒலி அட்டையின் கதவைத் தட்டும் நிரலைப் பைப்வயரால் காப்பாற்ற முடியாது.

அப்படி நேராகத் தட்டச் சொல்லும் குற்றவாளி, பயனரின் ஹோம் ஃபோல்டரிலேயே ஒளிந்திருக்கும். புள்ளியில் பெயர் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாத ‘அசவுண்டுஆர்சி’ என்ற கோப்பு அது. எந்தக் காலத்திலோ சத்தம் வரவில்லை என்று யாரோ சொல்லிக் கொடுத்த மூன்று, நான்கு வரிகள் அதில் இருக்கும். சாரம், ‘இயல்பான ஒலிச் சாதனம் அட்டை 0, நேரடி இணைப்பு’ என்பது. அன்று அட்டை 0 ஸ்பீக்கராக இருந்தது. பிறகு அந்த ஃபோல்டரை வேறு கணினிக்கு அப்படியே கொண்டுபோனால் கதை மாறும். 2013-ல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறைச் சிப்கள் கொண்ட பல கணினிகளிலோ, டிவிக்கு ஒலி அனுப்பும் எச்டிஎம்ஐ தனி அட்டையாகி எண் 0-வைப் பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கர் 1-க்குத் தள்ளப்பட்டது. அட்டைகளைப் பட்டியலிடும் ‘ஏப்ளே’ கட்டளையைத் தட்டினால் இது பளிச்சென்று தெரியும்: எச்டிஎம்ஐ அட்டையில் சாதன எண்கள் 3, 7, 8 என்று போகும், 0 என்ற சாதனமே இருக்காது. பழைய கோப்பு கேட்பதோ அதைத்தான். எண் சரியாக இருந்தாலும் தொல்லை தீராது. பிரவுசரில் பாட்டு ஓடினால் அட்டை பைப்வயரின் கையில் இருக்கும். நேரடியாக வரும் நிரலுக்கு ‘சாதனம் வேலையில் இருக்கிறது’ என்ற பிழைதான் கிடைக்கும். பாட்டு நின்று 5 விநாடி கழிந்ததும் பைப்வயரின் மேலாளரான வயர்பிளம்பர் அட்டையை விட்டுவிடும், அப்போது அதே நிரல் ஒழுங்காக ஓடும். காலையில் ஓடியது மாலையில் ஓடவில்லை என்ற மர்மம் இதில் தீர்ந்துவிடுகிறது.

பிழை வந்தால் நிரல் ஏன் சாக வேண்டும்? கவனமாக எழுதிய நிரல் கதவு திறக்கவில்லை என்று தெரிந்ததும் ஒலியில்லாமல் வேலையைத் தொடரும். அலட்சியமாக எழுதியது திறந்ததா என்று பார்க்காமலே உள்ளே கால் வைக்கும். வெறுங்கையைப் பார்த்த அல்சா நூலகம், கேட்ட இடத்திலேயே நிரலை நிறுத்திவிடும். அப்போது ‘பிசிஎம் அசெர்ஷன் தோற்றது, அபார்ட்டட்’ என்று ஒரு வரி வரும். ஐகானைச் சொடுக்கித் திறப்பவர் அந்த வரியைப் பார்க்கவே முடியாது. டெர்மினலில் பெயரைத் தட்டித் திறந்தால்தான் தெரியும். ஆகவே முதல் சோதனை அது. இரண்டாவது, புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் அதே மென்பொருளைத் திறப்பது. அங்கே ஓடினால் இயங்குதளமும் மென்பொருளும் பெரும்பாலும் நிரபராதிகள். குற்றம் பழைய கணக்கின் அமைப்புக் கோப்புகளில் இருக்கிறது. மூன்றாவது, எஸ்டிஎல் நூலகத்தை நம்பும் விளையாட்டுகளுக்கு மட்டும்: அதன் ஒலி இயக்கியை ‘டம்மி’ என்று மாற்றிவிட்டுத் திறப்பது. ஊமையாக ஓடுகிறதென்றால் நோய் ஒலியில்தான். அதன்பின் அந்த அசவுண்டுஆர்சி கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவைத்துப் பார்த்தால் போதும். எச்சரிக்கை ஒன்று: ‘தெரியாத பிசிஎம்’ என்று அல்சா சரம்சரமாகத் துப்பும் வரிகள் பெரும்பாலும் வெறும் புலம்பல். கடைசி வரி எது என்று பாருங்கள்.

அரை மணி நேரத்தில் ஃபார்மேட் அடித்துவிடலாம், இத்தனை சோதனை எதற்கு என்று கேட்கலாம். கடைக்காரரின் கணக்கில் அது நியாயம்தான். அவர் காரணம் தேடுவதற்கு யாரும் கூலி தருவதில்லை. ஆனால் ஹோம் பகுதியைத் தனியாக வைத்திருப்பவர் அதை அப்படியே விட்டுவிட்டுத்தான் இயங்குதளத்தை மட்டும் புதிதாக ஏற்றுவார். பைப்வயர் புதிதாக வரும், அந்தக் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பழைய பாயையே விரித்தால் மூட்டைப்பூச்சி எங்கே போகும்? எல்லாவற்றையும் துடைத்தால் கோப்பு ஒழியும், கூடவே படங்களும் பாடக்குறிப்புகளும் ஒழியும். சாவது நிரலின் பிழை, பயனர் ஏன் ஒலியமைப்பைத் தொட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பிழை நிரலுடையதே, அதை எழுதியவரிடம் புகார் செய்வதும் சரியே. ஆனால் டெபியனின் நிலைத்த பதிப்பில் அந்தத் திருத்தம் வந்து சேரும்வரை காத்திருப்பதைவிட, நான்கு வரிக் கோப்பை நகர்த்துவது சுலபம். விண்டோஸில் இந்தத் தலைவலி இல்லையே என்பவர்களுக்கு மறுப்பு சொல்லப்போவதில்லை. இந்த வகைச் சிக்கல் அங்கே குறைவு. ஆனால் காரணத்தை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கும் கோப்பைத் திறந்து படிக்கும் வசதியும் அங்கே குறைவு.

பார்வையற்ற பயனருக்கு இது தலைவலியோடு நிற்காது. ஓர்கா திரைவாசிப்பானும் தமிழில் பேசத் தெரிந்த ஈஸ்பீக்கும் அதே ஒலி அட்டையைத்தான் நம்புகின்றன. டெபியனை நிறுவும்போது முதல் திரையில் ‘எஸ்’ விசையையும் பிறகு ‘என்டர்’ விசையையும் அழுத்தினால் பேசிக்கொண்டே நிறுவும். அத்தனை அக்கறையோடு செய்த இயங்குதளத்தில் ஒரு பழைய கோப்பின் பேச்சைக் கேட்டு ஏதோ ஒரு நிரல் அட்டையைப் பிடித்துக்கொண்டால் அவருக்குத் திரையே அணைந்த மாதிரி. ஒலி இல்லாவிட்டால் நிரல் செத்துப்போகலாம் என்று எண்ணும் நிரலாளர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

பழைய மடிக்கணினிக்கு டெபியன் 12-ன் ஒலியமைப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். குறை ஒன்று: ஹோம் ஃபோல்டரில் பழைய அசவுண்டுஆர்சி கிடப்பதைக் கண்டு எச்சரிக்க அதில் ஒரு வழியும் இல்லை. எனவே அடுத்தமுறை மென்பொருள் திடீரென்று மூடிக்கொண்டால், பஸ் ஏறும் முன் ஒரு புதிய பயனர் கணக்கைத் திறந்து பாருங்கள். அதற்குப் பென்டிரைவ்கூட வேண்டாம்.